ஆணி இல்லாத செருப்பு

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தயாராகிக் கப்பலேறும் ஷூக்களின் பளபளப்பைப் பலரும் மெச்சுவார்கள். என் மனம் நிற்பது இதே தோல் சீமையில் உருப்பெற்ற இன்னொரு காலணியிடம்: தொழுநோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பு.

அதன் கதையில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் இருக்கிறது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மனைவி மார்கரெட் கண் மருத்துவர். ஆறு பிள்ளைகள். தொழுநோய் என்றாலே ஊர் ஒதுங்கிய காலத்தில், பிள்ளைகுட்டிகளோடு இங்கேயே குடியிருந்து அந்த நோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை செய்தார்கள். 1966-ல்தான் அமெரிக்கா போனார்கள்.

தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமையே என்று பிராண்ட் எடுத்துக்காட்டினார். முள் குத்திய காலோடு நடந்துகொண்டே இருந்தால் புண் எலும்புவரை போய்விடும்.

அந்தப் புண்ணைத் தடுக்கத்தான் இந்தச் செருப்பு. கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மெத்தென்ற நுண்துளை ரப்பர்; அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே எம்.சி.ஆர். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீளும். உடம்பின் பாரம் ஓரிடத்தில் குவியாமல் பாதமெங்கும் பரவும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். குதிகாலைச் சுற்றி ஒரு வார். கழன்று விழுந்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாதே! ஆணி ஒன்றுகூடக் கிடையாது, பசையும் தையலும்தான். தேய்ந்த அடியில் ஆணி முனை தலைகாட்டினால் போதும், மறுபடி புண். எவ்வளவு கரிசனமான கைவேலை! காட்பாடி பக்கத்துக் கரிகிரி மருத்துவமனைப் பட்டறையில், பழைய தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவெடுப்பார்கள்.