சும்மா இருத்தலும் மூச்சு நோக்கலும்: ஓர் ஒப்புநோக்கு

தமிழில் ஸென் பௌத்தம் குறித்து எழுதப்படும் கட்டுரைகள் பல, ‘சும்மா இரு’ என்ற தொடரை எட்டியதும் ஓய்ந்துவிடுகின்றன. யப்பானியத் துறவி சுவரை நோக்கி வாளாவிருக்கிறார். அருணகிரிநாதருக்கு முருகன் உபதேசித்ததும் அதுவே. தாயுமானவர் ஏங்கியதும் அதுவே. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி (1872–1964) தம் அன்பருக்குத் திரும்பத் திரும்பக் கூறியதும் அதுவே. ஆகவே எல்லாம் ஒன்றே என்பது அக்கட்டுரைகளின் முடிபு. போதிதருமர் காஞ்சிபுரத்து இளவரசர் என்ற செய்தியும் உறுதிச் சான்றாக உடன் சேர்த்துக்கொள்ளப்படும். அவரைத் தென்னிந்திய அரசகுமாரர் எனக் கூறும் பழைய சீனக் குறிப்பு உண்டு. ஆனால் கி.பி. 547 அளவில் எழுந்த மற்றொரு சீன நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. காஞ்சி என்ற ஊர்ப்பெயரோ பிற்கால மரபிற் சேர்ந்தது. இத்தகைய கட்டுரைகளில் பெருமிதம் உண்டு, ஒப்பீடு இல்லை.

ஒப்பீடு செய்ய விழைவோருக்கு அம்பாறைக் கரையோரம் நல்லதொரு நிலைக்களமாகும். பாலமுனையை மையமாகக் கொண்டு நோக்கின், மேற்கே வயல்வெளிகளுக்கு அப்பால் தீகவாபித் தூபி தேரவாத பௌத்தத்தின் பழமையை நினைவூட்டுகின்றது. வடக்கே சிறிது தொலைவில், விபுலாநந்த அடிகள் 1892 இல் பிறந்த காரைதீவு சைவ மரபைப் பேணி நிற்கின்றது. இவற்றுக்கிடையே அமைந்த முஸ்லிம் ஊர்களிலோ திக்ரும் றாத்திபும் தரீக்காக்களின் வழி வளர்ந்தவை. மூச்சை நோக்கும் நெறி, சும்மா இருக்கும் நெறி, மூச்சில் இறைநாமத்தை ஏற்றும் நெறி ஆகிய மூன்றும் ஒரு நாள் நடைப்பயணத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும் இவற்றை ஒன்றோடொன்று வைத்து வாசிக்கும் முயற்சி நம்மிடையே அருகியே காணப்படுகின்றது.

மூச்சு நோக்கலின் மிக விரிவான இலக்கணம் இலங்கையிலேயே எழுதப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் இயற்றிய ‘விசுத்திமக்கம்’ ஆனாபானசதியைப் படிநிலைகளாக வகுத்துரைக்கின்றது. முதலில் மூச்சை எண்ணுதல். ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணவேண்டும் என்பது விதி. பின்னர் எண்ணிக்கையை விட்டு மூச்சைப் பின்தொடர்தல். அதன்பின் அது தொடும் இடத்தில் உள்ளத்தை நிறுத்துதல். இங்கு கையாளப்படும் உவமைகள் சுவையானவை. நகரவாயிற் காவலன் உள்ளே இருப்போரையும் வெளியே இருப்போரையும் விசாரிப்பதில்லை. வாயிலை அடைவோரை மட்டுமே கவனிக்கிறான். முடவன் ஒருவன் தன் பிள்ளைகள் ஏறியிருக்கும் ஊஞ்சலை ஆட்டிவிட்டுத் தூணடியில் அமர்ந்து, அது வருவதையும் போவதையும் காண்கிறான். நோக்குபவர் மூச்சை நீட்டவோ குறுக்கவோ செய்வதில்லை. நெடிய மூச்சை நெடியதென்றும் குறுகியதைக் குறுகியதென்றும் அறிகிறார், அவ்வளவே. திருமூலர் மூன்றாந் தந்திரத்திற் கூறும் பிராணாயாமம் இதனின்றும் வேறானது என்பது மனங்கொளத்தக்கது. பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 என மாத்திரை கூறும் திருமந்திரத்தில் மூச்சு அளக்கப்படுகின்றது, ஆளப்படுகின்றது. விசுத்திமக்கத்தில் அது அறியப்படுகின்றது. ‘கிழக்கத்தைய மூச்சுப் பயிற்சி’ என இரண்டையும் ஒரே பொதியிற் கட்டுவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

இனி ஸென் நெறிக்கு வருவோம். தோகென் (1200–1253) சீனம் சென்று 1227 இல் யப்பான் மீண்டதும் அமர்தலைப் பற்றிச் சிறுநூலொன்று எழுதினார். ‘ஷிகந்தாஸா’ எனப்படும் வெறும் அமர்தல் அவர் வழி நிலைபெற்றது. கண் மூடப்படுவதில்லை; மூச்சு எண்ணப்படுவதில்லை; மனத்துக்கு ஒரு பற்றுக்கோடும் கொடுக்கப்படுவதில்லை. ஞானம் பெறுவதற்காக அமர்தல் அன்று; அமர்தலே ஞானத்தின் நடைமுறை என்பது அவர் துணிபு. இதன் புரட்சி இறுதிக் கூற்றிலேயே உள்ளது. மூச்சு நோக்குபவருக்கு அடுத்த படி ஒன்றுண்டு. வெறுமனே அமர்பவருக்கு அடுத்த படி இல்லை. ஆகவே இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு எதனை நோக்குவது என்பதிலன்று, எதனையேனும் எதிர்பார்ப்பதா என்பதிலேயே தங்கியுள்ளது.

நடைமுறையில் இவ்வேலி அத்துணை உயரமானதன்று. தோகென் எண்ணுதலை ஏற்காவிடினும் மூச்சைப் பற்றிப் பேசவே செய்தார். அது அடிவயிற்றுக்கு வருகின்றது, ஆனால் வந்த இடம் என ஒன்றில்லை என்பது அவர் தம் ஆசானிடமிருந்து பெற்ற விளக்கம். அவர் மரபில் வந்த கெய்ஸான், மனம் சிதறுங்கால் அதனை மூக்கு நுனியிலோ அடிவயிற்றிலோ நிறுத்தலாம் என இடங்கொடுத்தார். மௌன அமர்தலுக்கு எதிர்ப்பும் ஸென் மரபுக்குள்ளிருந்தே எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சீனத்து தாஹூய், வெறுமனே அமர்ந்திருப்போரைப் பேய்க்குகையில் வாழ்வோர் என ஏளனஞ் செய்தார். விழிப்பற்ற அமைதி உறக்கத்தின் மறுபெயர் என்பது அவர் குற்றச்சாட்டு. இக்கரையோரப் பேச்சு வழக்கும் அவர் பக்கமே சாய்கின்றது. ‘சும்மாதான் இரிக்கன்’ என ஓர் இளைஞன் கூறின், அவன் தொழிலின்றி இருக்கிறான் என்பதே பொருள். ஞானம் பெற்றுவிட்டான் என எவரும் கொள்வதில்லை.

அருணகிரிநாதரதும் தாயுமானவரதும் ‘சும்மா’ இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அது ஒருவர் தாமாக மேற்கொள்ளும் பயிற்சியன்று. குரு வாய்மொழியாக வந்து இறங்குவது. சைவ சித்தாந்த நோக்கில், ‘யான் செய்தேன்’ என்னும் எண்ணம் ஒழிந்து, பசுகரணங்கள் சிவகரணங்களாகும் நிலை அது. தோகெனது அமர்தலில் அருள்பவர் எவருமில்லை. கந்தரநுபூதியில் அருள்பவரின்றிச் சும்மா இருத்தல் நிகழாது. சொல் ஒன்றாயிருப்பதைக் கண்டு பொருளும் ஒன்றெனக் கொள்வது திறனாய்வுக்கு அழகன்று.

இஸ்லாமியத் தமிழ்ப் பரப்பில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியிற் பிறந்து 1838 இல் மறைந்த மஸ்தான் சாகிபு, தாயுமானவரின் கண்ணி வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டு பாடியவர். சித்தர் மரபின் வாசி முதலிய சொற்களும் அவர் பாடல்களில் இடம்பெறுகின்றன. இதனைக் கொண்டு அவரை முஸ்லிம் பெயர் தாங்கிய சித்தர் எனச் சிலர் போற்றுவர். அதே காரணத்தால் வேறு சிலர் அவரை ஒதுக்குவர். அண்மைத் தசாப்தங்களில் இக்கரையோரத்திலும் வலுப்பெற்ற சீர்திருத்த நோக்கு, மூச்சோடு இயைந்த திக்ரையும் அசையாது அமரும் முறாக்கபாவையும் யோகத்தினின்று கடன் வாங்கியவை எனக் கண்டிக்கின்றது. வணக்கத்தில் நபிவழிச் சான்றைக் கோரும் அந்நோக்கின் அடிப்படை மதிக்கத்தக்கதே. ஆயினும் ‘எல்லாம் ஒன்றே’ எனப் பாராட்டுவோரும் ‘எல்லாம் கடனே’ எனக் கண்டிப்போரும் ஒரே எடுகோளிலிருந்து புறப்படுகின்றனர்: வடிவம் ஒத்திருப்பின் பொருளும் ஒன்று என்பதே அது.

வரலாறு இவ்வளவு எளிதன்று. கடன் நிகழ்ந்தது உண்மை, அது மறைக்கப்படவுமில்லை. ‘அமிர்தகுண்டம்’ என்னும் யோகநூல் அரபியில் ‘ஹவ்ளுல் ஹயாத்’ எனப் பெயர்க்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிற் குவாலியரைச் சேர்ந்த முஹம்மது கௌது அதனைப் பாரசீகத்தில் ‘பஹ்ருல் ஹயாத்’ ஆக்கினார். மறுபுறம், மூச்சில் விழிப்பாயிருத்தல் என்ற விதி நக்ஷபந்தி மரபில் மத்திய ஆசியாவின் புகாராப் பகுதியிலிருந்து வருவது. அதனை வகுத்தவர் எனப்படும் அப்துல் காலிக் கிஜ்துவானி, பஹாவுத்தீன் நக்ஷபந்துக்கும் (1318–1389) முற்பட்டவர். திக்ரில் மூச்சு எண்ணப்படுவதுமில்லை, வெறுமனே அறியப்படுவதுமில்லை. ‘லா இலாஹ’ என வெளியேறும் மூச்சு மறுப்பைச் சுமக்கின்றது. ‘இல்லல்லாஹ்’ என உட்புகும் மூச்சு உறுதியைச் சுமக்கின்றது. தேரவாதி மூச்சில் நிலையாமையைக் காண்கிறார். திக்ர் செய்பவருக்கு மூச்சு ஒரு வாகனம், நாமமே பயணி. நெஞ்சுக்கூட்டின் அசைவு இருவருக்கும் ஒன்றாயினும் செயல் ஒன்றன்று.

அசையாது அமர்தல் குறித்து இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது ‘இஹ்யா’வில் முறாக்கபாவை விளக்குமிடத்து ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். கி.பி. 907 இல் மறைந்த அபுல் ஹுஸைன் நூரியிடம் ஷிப்லி சென்றபோது, அவர் உடலின் எப்பகுதியும் அசையாது ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். இவ்விருப்பை எங்கு கற்றீர் என ஷிப்லி வினவ, தம்மிடமிருந்த பூனையொன்றிடம் என்றார் நூரி. எலிவளையின் வாயிலில் அது மயிர்கூட அசையாது காத்திருக்குமாம். அமிர்தகுண்டம் அரபியாவதற்கு மிக முற்பட்ட பக்தாதின் செய்தி இது. அங்கே ஆசானாகக் காட்டப்படுவது யோகியன்று, வீட்டுப் பூனை. வியப்பு யாதெனில், சீன ஸென் மரபிலும் எலியைக் காக்கும் பூனை பயிற்சிக்கு உவமையாக வருகின்றது. ஆனால் அது வருவது வினாவொன்றைப் பற்றி நின்று திடீர் விழிப்பை வேண்டும் கிளையில். தோகெனது வெறும் அமர்தலில் அதற்கு இடமிருத்தல் அரிது. பூனைக்கு எலி வேண்டும். எலியே இல்லாத வளையின் முன் அமரும் பூனையே தோகெனது பூனையாக இருத்தல் கூடும்.

நூரியின் அமர்வில் இன்னுமொரு திருப்பம் உண்டு. முறாக்கபா என்ற சொல்லின் வேர் கண்காணித்தலைக் குறிப்பது. அமர்பவர் தாம் இறைவனாற் காணப்படுகிறார் என்பதை உள்ளத்தில் இருத்துவதே அதன் உயிர். விசுத்திமக்கத்துக் காவலன் காண்பவன் மட்டுமே. தோகெனிடம் காண்பான், காட்சி என்ற பிரிவே தளர்கின்றது. நூரியோ காத்திருக்கும் பூனையாக அமர்ந்தபடியே காணப்படுபவராகவும் இருக்கிறார். மஸ்தான் சாகிபின் கண்ணிகளில் ஓயாது ஒலிக்கும் விளிகளை இவ்விடத்திலிருந்து வாசித்தால் அவற்றின் இயல்பு தெளிவாகும். காணும் ஒருவனை நோக்கியே விளி எழும். வாசி என்ற சொல்லைச் சித்தரிடமிருந்து பெற்றவர் அதனைத் தொடுத்தது இவ்விளியோடு. ஸென் அமர்தலிலோ விளிக்கப்படுபவர் எவருமில்லை.