பட்டமளிப்பு நாளில் எந்த இசை?

பாலர் பள்ளிக் குழந்தையும் நீண்ட அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்து மேடையேறும் காலம் இது. ஆறாம் ஆண்டு முடிக்கும் மாணவர்க்கு விழா எடுப்பதும் நம் தமிழ்ப் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் யார், சிற்றுண்டி எத்தனை பேருக்கு என்பதை எல்லாம் கூட்டம் கூட்டிப் பேசுகிறோம். இசையைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. ஒலிபெருக்கிக்காரர் கொண்டு வருவதே இசை. பல இடங்களில் அது ஆங்கில இசைவாணர் எட்வர்ட் எல்கார் இயற்றிய முதலாம் அணிநடையாக இருக்கிறது.

இந்த இசை பள்ளிக்காகப் பிறந்ததன்று. 1901 அக்டோபரில் லிவர்ப்பூல் நகரில் முதன்முதல் ஒலித்தது. அதன் தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்திலிருந்து எடுத்தது. மனைவிமீது ஐயங்கொண்டு மனமுடைந்த தளபதி, தன் போர்க்கள வாழ்வின் ஆரவாரத்துக்கெல்லாம் விடைகூறும் இடம் அது. நாம் கேட்பது அணிநடை முழுவதுமன்று. நடுவில் வரும் அகன்ற, நிதானமான பகுதி மட்டுமே. ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டை ஒட்டி 1902-இல் அம்மெட்டுக்கு ஆர்தர் பென்சன் சொல் அமைத்தார். பேரரசின் எல்லைகள் இன்னும் விரிய வேண்டும் என்பது அப்பாடலின் வேண்டுதல். அந்த எல்லைக்குள் 1957 வரை கட்டுண்டிருந்த மண்ணில், நம் சிறுவர் அதற்கேற்ப நடை போடுகின்றனர்!

"சொற்களை யார் பாடுகிறார்கள்? இசை மட்டுந்தானே ஒலிக்கிறது?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெட்டும் நல்ல மெட்டே. தயங்கும் கால்களுக்கும் ஒரு கம்பீரம் தந்துவிடுகிறது. எனது குறை வேறு. அந்த இசையில் மாணவனுக்கு வேலையே இல்லை. அவன் நடக்கிறான், ஊர் பார்க்கிறது. கற்பித்தவரை நோக்கி அவன் வாய் திறக்க அங்கே இடமில்லை.

ஜெர்மானியரான பிராம்ஸ், பிரெஸ்லாவ் பல்கலைக் கழகம் 1879-இல் தமக்களித்த முனைவர் பட்டத்துக்கு நன்றியாக ஓர் இசைக்கோவை செய்தார். மாணவர் குடித்துக் கும்மாளமிடும்போது பாடும் பாட்டுகளை அதில் கோத்துவிட்டார்! பேராசிரியர்களை இப்படிச் சீண்டியது எனக்குப் பிடிக்கும். ஆனால் பன்னிரண்டு வயதினர்க்கு ஆகாது.

ஜப்பானியர் செய்ததைப் பாருங்கள். 1880-இல் லூதர் மேசன் என்ற அமெரிக்கர் அங்கே இசை கற்பிக்கச் சென்றார். அவரும் இசாவா ஷூஜி என்பவரும் சேர்ந்து பள்ளிப் பாடல்கள் தொகுத்தனர். ஸ்காத்லாந்தியர் புத்தாண்டு இரவில் பாடும் பழைய மெட்டுக்கு அத்தொகுப்பில் புதுச் சொல் ஏறியது. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியற்றவர் மின்மினி ஒளியிலும் சன்னலோரப் பனியின் வெளிச்சத்திலும் படித்தார்கள் என்ற சீனக் கதையை வைத்துத் தொடங்குகிறது அப்பாடல். மெட்டு இரவல்; சொல் அவர்களுடையது. பிள்ளைகள் தம் வாயாலேயே பாடி விடைபெற்றார்கள். எல்லைக் காவலைப் புகழும் பின்பகுதிச் செய்யுட்கள் இன்று வழக்கில் இல்லை, போனது நல்லதே. ஆசிரியர் அருளைப் போற்றும் இன்னொரு பாடல் 1884-இல் வந்தது. அதன் மெட்டு 1871-இல் அச்சான ஓர் அமெரிக்கப் பள்ளிப் பாட்டினது என்பது 2011-இல்தான் தெரிந்தது. அது தெரிந்ததனால் நூறாண்டுக்கு மேலாக அதைப் பாடியவர்களின் கண்ணீர் பொய்யாகிவிடவில்லை.

அந்த ஸ்காத்லாந்து மெட்டின் சுரங்கள் ஐந்தே. நம் மோகனத்தின் சுரங்கள். மோகனத்தை முல்லைப்பண் எனக் கொள்வோர் உளர். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். பிரிதலோ பாலைக்கு உரியது. பிரிவு நாளில் முல்லையா என்று இலக்கணம் வல்லார் கேட்டால், மனம் இங்கேயே இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்! விளையாட்டாகச் சொன்னேன். ஆயினும் பயிற்சியற்ற குரல்களும் சேர்ந்து பாட எளிதான இராகம் அது.

நமக்கோ திரைப்பாடல் கைவசம் இருக்கிறது. 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்த கல்லூரிப் பிரிவுப் பாடலுக்கு நிகராக இன்னொன்று சொல்வது கடினம். எனினும் அது காளைப் பருவத்தார் பாட்டு. சிறுபிள்ளை வாயில் வைத்தால் நடிப்பாகப் போய்விடும்.

நம் பிள்ளைகளின் பிரிவு கல்லூரிப் பிரிவு போன்றதன்று. தமிழ்ப் பள்ளியை விட்டால் அடுத்து தேசிய இடைநிலைப் பள்ளி. அங்கே பாடமொழி மலாய். தமிழ் ஒரு பாடமாக மட்டும் எஞ்சுகிறது. அதுவும் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோரேனும் கேட்டால்தான். கணக்கையும் அறிவியலையும் தமிழில் கற்ற ஆறாண்டு அன்றோடு முடிகிறது. அந்நாளில் அவர்கள் சேர்ந்து பாடும் பாட்டு தமிழாக இருக்க வேண்டாமா? புலவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவ்வப் பள்ளித் தமிழாசிரியரே பன்னிரண்டு வரி எழுதலாம். பள்ளியின் வாசல் மரமும், பாடம் சொன்னவர் குரலும் அதில் வரட்டும். சுருதியை மட்டும் பெரியவர் குரலுக்கு வைத்துவிடாதீர்கள். பாட்டு மூன்று மணித்துளிக்கு மேல் நீளவும் வேண்டாம்.

எல்காரை விட மனமில்லாதவர், பிள்ளைகள் பாடி முடித்து அவை கலையும் நேரத்தில் அவரை ஒலிக்க விடலாம். 1905-இல் யேல் பல்கலைக் கழகம் எல்காருக்குப் பட்டம் அளித்தபோது, எல்லாரும் எழுந்து வெளியேறுகையில்தான் அதை வாசித்தார்கள்.