மெலிந்த கையும் நம் மரபும்

நம் பிரிட்ஜ் மன்ற மலருக்குக் கை மதிப்பீடு பற்றி எழுதச் சொன்ன செயலாளரிடம், மெலிந்த கையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பதினாறு புள்ளி வந்தால் யாரும் ஏலம் கேட்டுவிடலாம். எட்டுப் புள்ளியில்தான் ஆடுபவர் எந்த வழியில் வந்தவர் என்பது தெரியும்.

ஒன்பதுக்கு மேல் சீட்டே இல்லாத யார்பரோ, 1,828 கைகளுக்கு ஒன்று; அதில் பாஸ் சொல்லப் பாடம் வேண்டாம். ஆறிலிருந்து பத்துக்குள் வரும் கைகளில்தான் சிக்கல். கல்பர்ட்சன் வழியினர் ஆனர் டிரிக் எண்ணி, இரண்டரை இல்லாமல் வாய் திறக்க மாட்டார்கள். கோரன் வழியினர் 4-3-2-1 கூட்டி, குறைந்த இனங்களுக்கும் புள்ளி சேர்த்தார்கள். இழக்கும் பிடிகளை எண்ணும் வழிக்கும் நம்மிடையே அன்பர்கள் உண்டு.

எங்கள் ஆசிரியர் கோரன் வழிதான். ஆனால் ஷெங்கன் கொடுத்த வீக் டூ என்று வந்துவிட்டால் கூட்டலை ஒதுக்கிவைக்கச் சொல்வார். "புள்ளி எத்தனைன்னு அப்புறம் பார்க்கலாம், எங்கே இருக்குன்னு முதல்ல சொல்லுங்க" என்பார். ஆறு இஸ்பேடில் ஏஸ், ராணி, ஜாக்கி, பத்து. வெளியே ஒரு ஜாக்கி. இது எட்டுப் புள்ளி. ஜாக்கி தலைமையில் ஆறு இஸ்பேட். வெளியே ஒற்றை ராஜா, ராணி-ஜாக்கி ஜோடி, நாலில் ஒரு ஜாக்கி. இதுவும் எட்டுதான். முதல் கை துருப்பிலேயே பெரும்பாலும் ஐந்து பிடி தரும். வல்னரபிள் இல்லாதபோது டபுள் வாங்கினாலும் மூன்று பிடி குறையும், 500 போகும். கல்பர்ட்சனின் 'இரண்டு-மூன்று' விதி அனுமதிக்கும் இழப்பு அவ்வளவே. இரண்டாவது கையில் மூன்று பிடி தேறுவதே பாடு. ஐந்து பிடி குறைந்தால் 1,100. 1987க்கு முன் இதே தோல்விக்கு 900 தான்.

தண்டனை கூடிய பிறகுதான் கட்டுப்பாடு தளர்ந்தது என்பது என் நெடுநாள் ஆற்றாமை. யாரையும் குறித்துச் சொல்லவில்லை. இளைய உறுப்பினர்களில் நம்மைவிட நன்றாக ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஆறு சீட்டைக் கண்டதும், இனம் எப்படி இருக்கிறது என்று பாராமலே இரண்டு இஸ்பேட் கேட்கும் வழக்கம் பரவிவிட்டது. ஐந்து சீட்டில் கேட்பவர்களும் உண்டு. எதிராளியைத் தடுக்கத்தான் கேட்டேன் என்கிறார்கள். தடுமாறுவது எதிரே அமர்ந்த பார்ட்னர்! அவர் அந்த ஏலத்தை நம்பி இஸ்பேடை இறக்கி, வரவேண்டிய பிடியையும் விட்டுவிடுகிறார். அப்புறம் யாருடைய ஏலத்தை யார் நம்புவது? நம்பிக்கை போன மேசையில் எந்த வழியின் பெயரைச் சொல்லி என்ன? மூத்தவர்கள் மாலை ஆட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டதற்கும் இதுவே காரணம் என்பேன்.

ஆசிரியர் தம் மாணவர்களுக்கு எழுதிக்கொடுத்த மெலிந்த கைகளின் குறிப்பேடு இன்னும் சிலரிடம் இருக்கிறது. தலைவரும் குழுவினரும் மனம் வைத்து, வரும் பருவத்துப் புதியவர் வகுப்பை அந்தக் கைகளிலிருந்தே தொடங்க வேண்டும். பிரதி எடுத்துத் தர நான் தயார்.