தாழியின் அளவு

முதுமக்கள் தாழியைப் பற்றி எழுதும் தமிழாராய்ச்சியாளர் புறநானூற்றின் 228, 256 ஆம் பாட்டுகளை எடுத்துக்காட்டுதல் வழக்கம். இறந்தோரைத் தாழியிற் கவித்த வழக்கிற்கு அவை சான்றாகின்றன. அவ்வளவில் பாட்டின் பணி முடிந்ததெனக் கொள்கின்றனர். தாழியுள் இருந்த என்பை எங்ஙனம் நோக்குதல் வேண்டும் எனப் பாட்டினிடம் கேட்பார் அரியர். அக்கேள்வியை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஆதிச்சநல்லூரின் வரலாற்றைக் காண்போம். பொருநைக் கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள இவ்விடுகாட்டை 1876இல் செர்மானியராகிய யாகோர் அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ பலமுறை அகழ்ந்தார். அவர் கண்டவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றின் பட்டியல் 1915இல் வெளிவந்தது. பொற்பட்டமும் இரும்புக் கருவியும் வெண்கலக் கலமும் எண்ணப்பெற்ற வரிசையில் மனித என்பும் ஒரு பொருளாயிற்று.

அக்காலத்து அறிவியல் அப்பொருளிடம் கேட்டது ஒன்றே: இஃது எவ்வினத்தது? 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்திற்குத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், உயிரோடிருந்த மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குலமும் இனமும் வகுக்க முற்பட்டவர். வாழ்வோர்க்கு நேர்ந்ததே இறந்தோர்க்கும் நேர்ந்தது. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றிச் சுக்கர்மன் எழுதிய ஆய்வு 1930இலும், சட்டர்ஜியும் குப்தாவும் எழுதிய அறிக்கை 1963இலும் வெளிவந்தன. நாடு உரிமை பெற்ற பின்னரும் அளவுகோல் கைம்மாறியதேயன்றிக் கேள்வி மாறவில்லை.

தமிழாராய்ச்சியும் இதற்கு விலக்கன்று. அயலார் அளந்து கூறிய முடிவை மறுப்போரும், தமிழினத்தின் தொன்மையை நாட்ட அம்மண்டையோட்டையே நாடினர். 2025இல் கொந்தகைத் தாழிகளிற் கிடைத்த மண்டையோடுகள் இரண்டினைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆடவர் இருவரின் முகங்களை வடித்தபோதும், அவர்தம் மரபு யாது என்பதே பெரிதும் பேசப்பட்டது. இகழ்தற்கு அளப்பதும் பெருமைக்கு அளப்பதும் நோக்கத்தால் வேறாயினும், என்பைக் கருவியாக்குவதில் ஒன்றே எனலாம்.

இனி, பாட்டுகளுக்கு வருவோம். இரண்டும் குயவனை விளித்துக் கூறப்பட்டவை. இரண்டும் தாழியின் அளவைப் பற்றியவை. கிள்ளிவளவன் இறந்தபின் ஐயூர் முடவனார் குயவனை நோக்கி, இவ்வேந்தனின் புகழுக்கு ஒத்த பெருந்தாழியை நின்னால் வனைய இயலுமோ என வினவுகின்றார். மற்றொன்றில், வழியில் துணைவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்க என வேண்டுகின்றாள். முன்னதில் தாழியின் அளவு புகழ், பின்னதில் அன்பு. அருங்காட்சியகமும் அளந்தது, புலவரும் அளந்தனர். முன்னவர் அளந்தது தலையை. பின்னவர் அளந்தது இழப்பை. இப்பாட்டுகள் நமக்கு உணர்த்துவது இவ்வேறுபாட்டையே.

இங்கு ஒரு தடை எழலாம். ஆதிச்சநல்லூர்த் தாழிகளுட் பல இப்பாட்டுகளின் காலத்திற்கு மிக முற்பட்டவை. ஆதலின் பாட்டின் உணர்வை அவற்றின்மேல் ஏற்றுதல் பொருந்தாது என்பர். தடை தக்கதே. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இறந்தோரை அடக்கும் முறைகள் பலவற்றைத் தாழியோடு சேர்த்து எண்ணுதலின், வழக்கு ஒன்றன்று என்பதும் தெளிவு. ஆயினும் நாம் பாட்டைக் காலச் சான்றாகக் காட்டவில்லை. நோக்கும் முறைக்கே காட்டுகின்றோம். தாழியுள் ஒருவரை வைத்தற்கு முன் அவரை இழந்த மற்றொருவர் இருந்திருத்தல் வேண்டும் என்பது எக்காலத்திற்கும் பொதுவன்றோ?

2019இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் இலங்கை வேடர்களின் மண்டையோடுகள் ஒன்பதை அம்மக்களின் தலைவரிடம் திருப்பியளித்தது. அங்குக் கேட்டுப் பெறுதற்கு வழித்தோன்றல்கள் இருந்தனர். ஆதிச்சநல்லூர் என்பிற்கு இவரே உரியர் என எவரையும் சுட்டுதல் அரிது. உரியர் இலரெனின் பொறுப்பும் இல்லையாகாது. அது காப்போரையும் ஆய்வோரையும் சாரும். 1986இல் ஏற்கப்பட்டு 2004இல் திருத்தப்பட்ட உலக அருங்காட்சியகக் கழகத்தின் ஒழுக்க நெறியும், மனித உடற்பகுதிகளை மானிட மாண்பு குன்றாமற் காட்டுக என்றே விதிக்கின்றது.

ஆதிச்சநல்லூரில் அருங்காட்சியகத்திற்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தாழி இருந்த இடத்திலேயே அதனைக் காண்பது நன்றே. ஆனால் ஆண்டும் பண்பாட்டுப் பெயரும் மட்டும் தாங்கிய குறிப்பு போதாது. அவ்வென்பை எடுத்தவர் யார், எப்போது, எங்குக் கொண்டுசென்றனர், எதன்பொருட்டு அளந்தனர் என்பனவும் அதில் இடம்பெறல் வேண்டும். அக்குறிப்பை எழுதும் பணியில் தொல்லியலாரோடு தமிழ்த் துறைகளும் பங்குகொள்ளல் தகும். தாழியை அளக்கும் மற்றொரு கோல் நம் இலக்கியத்தில் உண்டு; அதனைப் பார்வையாளர் கையில் கொடுத்தல் நம் கடனாகும்.