இரண்டாவது கேள்வி

டீசலில் ஒரு மைக்ரோலிட்டர் எடுத்து வாயு குரோமட்டோகிராப் கருவிக்குள் செலுத்தினால் வரும் படம் பார்க்கச் சகிக்காது. சீரான இடைவெளி விட்டுச் சில ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றுக்கு அடியில் பெரிய மேடு ஒன்று புடைத்திருக்கும். திமில் என்பது அதற்கு ஆய்வுக்கூடப் பட்டப்பெயர். ஊசிகள் நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள்; ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிவிடலாம். திமிலுக்குள் கிடப்பவை ஆயிரக்கணக்கான சேர்மங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் எதற்கும் முகமில்லை. பல காலம் இந்தத் திமிலின் பரப்பை மட்டும் அளந்து, ஓர் எண்ணாக அறிக்கையில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

1991இல் அமெரிக்காவின் தெற்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிலிப்ஸும் ஸாயோ லியூவும் இந்தத் திமிலைத் திறக்க ஒரு வழி கண்டார்கள். இருபரிமாண முழு வாயு குரோமட்டோகிராபி என்று அதற்குப் பெயர். கருவி நுட்பமானதுதான். ஆனால் நான் ரசிப்பது அதன் பின்னால் இருக்கும் யோசனையை.

பிரிப்பது என்றால் உண்மையில் தாமதப்படுத்துவது. தேர்த்திருவிழா நாளில் கடைவீதிக்குள் ஒரு குடும்பம் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தை வளையல் கடையில் நின்றுவிடுவார். பெரியப்பா எதையும் பார்க்காமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்வார். முனையில் நிற்பவர் கடைகளைப் பார்க்கவே வேண்டாம். யார் எப்போது வந்தார்கள் என்பதை வைத்தே யாருக்கு எதில் ஆசை என்று சொல்லிவிடலாம். கருவியில் அந்த வீதி ஒரு கண்ணாடிக் குழல். நீளம் வழக்கமாக 30 மீட்டர், உள்விட்டம் கால் மில்லிமீட்டர். உட்சுவரில் மெல்லிய சிலிக்கோன் படலம் பூசிச் சுருட்டி, அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். ஹீலியமோ ஹைட்ரஜனோ தள்ளிக்கொண்டு போக, ஒவ்வொரு சேர்மமும் படலத்தில் தங்கித் தங்கி நகரும்.

இந்தக் கலையின் தொடக்கம் தாவரவியல். மிகயில் ட்ஸ்வெட் வார்சாவில் இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றிப் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டைகள் பிரிவதைக் காட்டினார். 1903இல் உரையாற்றினார், 1906இல் எழுதினார். வேதியியலாளர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்து ஆண்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது கட்டத்தில்தான் எனக்கு ஈர்ப்பு அதிகம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்க முயன்றார்கள். முதலில் கட்டிய இயந்திரத்தில் குளோரோஃபார்ம் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். பெரும் தொல்லை பிடித்த இயந்திரம். அதற்குப் பின் வந்த யோசனை எளிமையின் உச்சம்: இரண்டும் ஏன் ஓட வேண்டும்? சிலிக்கா ஜெல்லில் தண்ணீரை ஊறவைத்து நிறுத்திவிட்டு, குளோரோஃபார்மை மட்டும் ஓட விட்டார்கள். 1941இல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலேயே, ஓடுவது திரவமாக இருக்க வேண்டியதில்லை, ஆவியாகவும் இருக்கலாம் என்று போகிற போக்கில் எழுதி வைத்தார்கள். பத்தாண்டுகள் யாரும் அந்த வரியைக் கையில் எடுக்கவில்லை. கடைசியில் மார்ட்டினே ஜேம்ஸ் என்பவருடன் சேர்ந்து 1952இல் அதைச் செய்து காட்டினார். அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது.

நடுவில், 1944இல், கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் செய்த ஒரு காரியம் இருபரிமாண முறைக்கு நேர் மூதாதை. சதுரமான வடிதாளின் ஒரு மூலையில் அமினோ அமிலக் கலவையைச் சொட்டு வைத்து, ஒரு கரைப்பானை ஓட விடுவது. காய்ந்ததும் தாளைத் தொண்ணூறு பாகை திருப்பி, வேறொரு கரைப்பானை ஓட விடுவது. நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினால் தாள் முழுக்க ஊதாப் புள்ளிகள். புரோலின் மட்டும் மஞ்சளாக நிற்கும். முதல் ஓட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு அமிலங்கள் இரண்டாவதில் விலகிவிடும். பிரெடெரிக் சாங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையைக் கண்டறிய இத்தகைய தாள்களே பெரிதும் உதவின. திருப்பி வைப்பது என்கிற அந்தச் சின்னக் கைவேலையில் இருக்கும் அறிவை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. முதல் கேள்விக்கு ஒரே பதில் சொன்னவர்களிடம் அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்பதில் பயனில்லை. வேறு கேள்வி கேட்க வேண்டும்.

உரக்கக் கேட்பது என்றால் குழலை நீட்டுவது. நீளத்தை நான்கு மடங்காக்கினாலும் பிரிதிறன் இரண்டு மடங்குதான் கூடும். அதைவிடக் கசப்பான கணக்கு ஒன்றை 1983இல் ஜோ டேவிஸும் கால்வின் கிடிங்ஸும் போட்டுக் காட்டினார்கள். நூறு உச்சிகளுக்கு, அதாவது ஊசிகளுக்கு, இடமுள்ள ஒரு படத்தில் சேர்மங்கள் தாறுமாறாக விழுந்தால், சராசரியாக 37 உச்சிகளுக்கு மேல் கண்ணில் படாது. ஒரே ஒரு சேர்மத்தால் ஆன சுத்தமான உச்சிகள் என்று பார்த்தால், எத்தனை சேர்மங்கள் இருந்தாலும், 18ஐத் தாண்டாது. வரிசையில் இடம் இருக்கிறது என்பதற்காக எல்லாரும் தள்ளித் தள்ளி நிற்பதில்லை. (டேவிஸ் பிற்பாடு ஃபிலிப்ஸ் இருந்த அதே பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.)

தாளைத் திருப்பலாம், வாயுவை எப்படித் திருப்புவது? முதல் குழலிலிருந்து வருவதில் ஒரு துண்டை மட்டும் வெட்டி இரண்டாவது குழலுக்கு அனுப்பும் பழக்கம் முன்பே இருந்தது. ஃபிலிப்ஸ் எல்லாவற்றையும் அனுப்ப விரும்பினார். இரண்டு குழல்களையும் சும்மா முடிச்சுப் போட்டால் ஆகாது. முதல் குழல் பாடுபட்டுப் பிரித்தது இரண்டாவதில் மறுபடி கலந்துவிடும். அதனால் நடுவே ஒரு காவலாளி வேண்டும். மாடுலேட்டர் என்பது அதுதான். சில விநாடிகளுக்கு ஒருமுறை, வந்து சேர்ந்ததைப் பிடித்து, நெருக்கி, ஒரே வீச்சில் இரண்டாவது குழலுக்குள் விடும். அந்தக் குழல் ஒன்றிரண்டு மீட்டர்தான். அடுத்த வீச்சு வருமுன் அது தன் வேலையை முடித்திருக்க வேண்டும். முதல் குழலில் வந்த ஒவ்வொரு உச்சியையும் மூன்று நான்கு துண்டாகவாவது நறுக்க வேண்டும் என்பது நடைமுறை இலக்கணம். அதற்குக் குறைந்தால் முதல் பிரிப்பின் நயம் கெட்டுவிடும்.

ஃபிலிப்ஸின் முதல் மாடுலேட்டர், மின்சாரம் கடத்தும் பூச்சுப் பூசிய ஒரு குழல் துண்டு. மின்சாரம் பாய்ந்தால் சூடாகிப் பிடித்ததை விடும். பிறகு சுழலும் சூடேற்றி வந்தது. மெல்போர்னில் பிலிப் மாரியட்டும் ரஸ்ஸல் கிங்ஹார்னும் 1997இல் சூட்டை விட்டுவிட்டுக் குளிரைப் பிடித்தார்கள். அதன் பின் குளிர்ந்த வாயுவைப் பீச்சும் வகைகள் பரவின. உறையவைத்து விடுவதில் ஓர் உபரி லாபமும் உண்டு. பட்டை நெருங்குவதால் உச்சி உயர்கிறது. இரைச்சலில் மூழ்கிக் கிடந்த சேர்மம் தலைநீட்டுகிறது. ஆனால் இரண்டாம் குழலிலிருந்து வரும் உச்சியின் அகலம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உணர்கருவி விநாடிக்கு நூறு முறையாவது கண் திறந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பொறியியல். உண்மையான நயம் வெப்பத்தில் இருக்கிறது. முதல் குழல் பெரும்பாலும் கொதிநிலைப்படி பிரிக்கும். இரண்டாவதின் படலம் முனைவுள்ளது. ஆனால் அங்கேயும் ஆவியாகும் தன்மை தலையிடத்தானே செய்யும்? அப்படியென்றால் பழைய கேள்வியே பாதி திரும்ப வந்துவிடும். வெங்கட்ரமணியும் ஷூவும் ஃபிலிப்ஸும் 1996இல் இதைத் தெளிவாக்கினார்கள். அடுப்பின் வெப்பம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும்போது, ஒரு நொடியில் முதல் குழலை விட்டு ஒன்றாக வெளியேறுபவை அந்த வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே அளவு ஆவியாகக் கூடியவை. அந்தப் பண்பில் அவற்றுக்குள் வேறுபாடே மிஞ்சவில்லை. ஆகவே இரண்டாம் குழல் முனைவுத்தன்மையை மட்டும்தான் கேட்க முடியும். முதல் கேள்வியின் எச்சம் தானாகவே கழிந்துபோகிறது. யாரும் அதைக் கழிக்கவில்லை, வெப்பநிலை ஏற்றமே கழித்துவிடுகிறது. இதற்கு மேல் அழகான தீர்வை நான் இந்தத் துறையில் பார்த்ததில்லை.

இப்போது டீசல் படத்தைப் பாருங்கள். கிடைக்கோடு முதல் குழலின் நேரம், செங்குத்து இரண்டாம் குழலின் நேரம். தரையோடு ஆல்கேன்கள். அவற்றுக்கு மேலே வளைய ஆல்கேன்கள், அதற்கும் மேலே பென்சீன் குடும்பம், உச்சத்தில் நாப்தலீன்கள். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் ஒரே கார்பன் எண்ணிக்கையுள்ள மாற்றியங்கள் சாய்ந்த வரிசையாக அடுக்கி நிற்கும். கூரை ஓட்டு வரிசை என்று இதைச் சொல்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு புள்ளியைக்கூட, அது நிற்கும் இடத்தை வைத்தே எந்தக் குடும்பம், எத்தனை கார்பன் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதற்கு உரைகல்லாக நான் கருதுவது ஒரு சதுப்பு நிலம். 1969 செப்டம்பர் 16இல் மாசசூசெட்ஸ் கரையோரம் ஃபுளோரிடா என்ற எண்ணெய்ப் படகு தரைதட்டியது. சுமார் ஏழு லட்சம் லிட்டர் எரிஎண்ணெய் கொட்டி, வைல்ட் ஹார்பர் சதுப்பில் ஊறியது. அருகிலேயே வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையம். அங்கிருந்த மேக்ஸ் புளூமர் அன்றைய ஒற்றைக் குழல் கருவியால் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். முப்பது ஆண்டுக்குப் பின் அதே நிலையத்தின் கிறிஸ் ரெட்டி அங்கே மண்ணைத் தோண்டி எடுத்தார். பழைய முறையில் பார்த்தபோது திமில் மட்டும் மிஞ்சியிருந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கல்விக்கழகத்தின் ஃபிரைசிங்கரும் கெய்ன்ஸும் சேர்ந்துகொள்ள, அந்த மண்ணின் எண்ணெய் இருபரிமாணப் படமாக விரிந்தது. நேர்ச்சங்கிலி ஆல்கேன்களின் வரிசையை நுண்ணுயிர்கள் துடைத்துத் தின்றிருந்தன. கிளைத்த ஆல்கேன்களும் வளையங்களும் பென்சீன், நாப்தலீன் குடும்பங்களும் மிஞ்சியிருந்தன. எது போயிற்று, எது போகவில்லை என்பதைக் குடும்பம் குடும்பமாகப் படித்துக்கொள்ளலாம். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது ரெட்டியின் குழு இதே முறையோடு போய் நின்றதில் வியப்பில்லை.

குறை சொல்லவும் இடமுண்டு. நிறங்களின் அளவுகோலை இஷ்டம்போல் மாற்றிச் சாதாரணப் படத்தைக்கூடச் சூரியோதயமாக்கிவிடலாம். சில கட்டுரைகளில் அட்டைப்படத்துக்கு ஆசைப்பட்டது தெரிகிறது. இன்னொன்று, இரண்டாம் குழலில் மிகவும் தாமதித்த சேர்மம் தன் சுற்றுக்குள், அதாவது அடுத்த வீச்சுக்கு முன், வெளிவராமல் அடுத்த சுற்றில் வந்து, படத்தின் அடிப்பகுதியில் அந்நியனாக நிற்கும். புதியவர்கள் அதைப் புதுச் சேர்மம் என்று எண்ணிவிடுவார்கள். கைதேர்ந்தவர்கள் சிலர் அதை வேண்டுமென்றே அனுமதிப்பதுண்டு. அடியில் காலியிடம் கிடக்கிறது, அங்கே வந்து விழட்டும், அதற்காகச் சுற்றை நீட்டி மற்ற உச்சிகளை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கண்டிப்பானவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் முதல் கட்சி.