புகையைப் பார்த்து நோய் சொல்லும் வித்தை

பதுளைக் கோச்சியை இழுக்கும் எஞ்சினுக்கும் கப்பலுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. 1954-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்கு வழங்கிய எம்2 வகையின் முதல் எஞ்சின், 569-ஆம் இலக்க ‘ஒன்டாரியோ’. அதற்குள் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸின் 567 வரிசை டீசல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் தரையிறங்கு கப்பல்களை ஓட்டியதும் அதே வரிசைதான். 1979-இல் மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷல் நிறுவனம் கட்டித்தந்த எம்6 வகையில் அதற்கடுத்த 645 வரிசை வந்தது. துறைமுக இழுவைப் படகுகளில் உழைப்பதும் இதே 645தான்.

எஞ்சின் ஒன்றே. அது வெளிவிடும் புகையைக் கவனிக்கும் முறைதான் கடலில் ஒருவிதம், மலையில் வேறுவிதம். கப்பலில் ஒவ்வொரு சிலிண்டரின் புகைவாயிலிலும் ஒரு வெப்பமானி இருக்கும். வேலை முறை மாறும்போதெல்லாம் அதன் அளவு பதிவேட்டில் ஏறும். ஒரு சிலிண்டர் மட்டும் சராசரியை விட்டு ஐம்பது பாகை அளவுக்கு விலகினால், காரணம் தேடி ஆள் இறங்கிவிடுவார். மலையக மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் வேறு. ரயிலானாலும் தோட்டத்து ஜெனரேட்டரானாலும் கண், காது, கை இந்த மூன்றும்தான் அவர்களுக்கு முதல் கருவி.

இந்தப் பழக்கத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கறுத்த புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது சுமை அதிகம். நீலம் கலந்தால் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை நிற்கவில்லையென்றால் எரியாத டீசலோ, உள்ளே கசியும் தண்ணீரோ காரணம். காலையில் எஞ்சினை முடுக்கியதும், சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாய்கள் ஒவ்வொன்றின் மேலும் விரலால் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். துளி எங்கே ஆறுதலாகக் காய்கிறதோ, அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஜெனரேட்டர்களில் நொசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சத்தம் கேட்பது இன்னொரு சோதனை. தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றமில்லை என்றால் அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். செலவில்லை, காத்திருப்பில்லை, சொல்லும் முடிவும் பெரும்பாலும் சரி. ஒரு நல்ல மெக்கானிக் இப்படிப் பத்து நிமிடத்தில் சொல்வதைக் கருவிகளை இணைத்துச் சொல்ல அரை நாள் ஆகும்.

ஆனால் ரயில் ஏறும் உயரம் இந்தக் கண்ணை ஏமாற்றுகிறது. பட்டிப்பொலவுக்கு அருகே பாதை 1,898 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எம்2, எம்6 இரண்டிலும் டர்போசார்ஜர் இல்லை. ஊதுவிசிறி ஒரு சுற்றுக்கு ஒரே கனஅளவுக் காற்றைத் தள்ளுகிறது. காற்று மெலிந்தால் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே பதுளையிலிருந்து 44-க்கு 1 என்ற ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஏறும்போது புகை கறுப்பது இயல்பே. ‘மலையேறினா கறுக்கத்தான் செய்யும்’ என்ற பதிலும் அங்கே எப்போதும் தயாராக இருக்கும். தேய்ந்த நொசில், அடைத்த காற்று வடிகட்டி இரண்டுமே அந்த ஒரே பதிலுக்குள் ஒளிந்துகொள்கின்றன. இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய குறை இதுதான்.

அடுத்த குறை எண்ணிக்கையில் இருக்கிறது. இவ்வகை எஞ்சினில் சிலிண்டருக்கு நான்கு எக்ஸோஸ்ட் வால்வுகள், பன்னிரண்டு சிலிண்டருக்கு நாற்பத்தெட்டு. அவற்றில் ஒன்று தன் இருக்கையில் சரியாக அமராவிட்டால் அந்த இடுக்கு வழியே சூடான வாயு பீறிட்டு விளிம்பை அரிக்கத் தொடங்கும். முதலில் ஒரு கீறல், பிறகு நகக்கண் அளவுக்கு ஒரு குழி, கடைசியில் வால்வின் தலையே முறிந்து பிஸ்டன் மேல் விழும். மற்றப் பதினொரு சிலிண்டர்களும் ஒழுங்காக எரிவதால், கூரைமேல் வரும் புகையில் இது தெரியவே தெரியாது. அந்தச் சிலிண்டரின் வெப்பமானி மட்டுமே முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. பட்டிப்பொலவிலிருந்து பதுளைக்கு 1,200 மீற்றருக்கு மேல் இறக்கம். சுமையில்லாமல் நெடுநேரம் ஓடும் இவ்வகை இரண்டு வீச்சு டீசலில், எரியாத ஒயில் மெல்லக் கசிந்து புகைக்குழாய்களின் உட்சுவரில் பசையாகப் படியும். அந்த நேரத்தில் வெளியே புகையே இருக்காது. பார்ப்பவருக்கு எஞ்சின் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாகவே தோன்றும். திரும்பி ஏறும்போது பசை பற்றிக்கொள்ள, தீப்பொறி பறக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்து கிடக்கும் பத்தனைப் புல்வெளிகளுக்கு ஒரு பொறி போதும்.

இதற்கு மருந்து பழைய முறைக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினின் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, விளக்கை உள்ளே நீட்டி, கையால் எஞ்சினைச் சுழற்றியபடி சிலிண்டர் துவாரங்கள் வழியே பிஸ்டன் வளையங்களைப் பார்க்கும் சோதனை அது. பளபளப்பான வளையம் நலம். கரிபிடித்துக் கறுத்திருந்தால் வாயு கசிகிறது. கப்பலிலும் ரயில் பட்டறையிலும் ஒரேமாதிரி நடக்கும் இந்தப் பார்வையை விடச் சிறந்த கண்பார்வைச் சோதனை இரண்டு வீச்சு டீசலுக்கு இல்லை. அதோடு மெனிஃபோல்டையும் அவ்வப்போது திறந்து கரி சுரண்டினால் தீப்பொறிக் கதை பெரும்பாலும் முடிந்துவிடும்.

கப்பல் முறையை அப்படியே மலைக்குக் கொண்டுவரவும் முடியாது. கப்பல் நாட்கணக்கில் ஒரே சுமையில் ஓடும், அதனால் நேற்றைய வெப்பத்தோடு இன்றையதை ஒப்பிடலாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஓடும் எஞ்சினின் சுமை வளைவுக்கு வளைவு மாறும். பட்டறையில் நிறுத்தி, குறித்த சுமை கொடுத்து அளந்தால் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. பதிவேட்டுக்கும் ஒரு நோய் வரும்: வெப்பமானியைப் பார்க்காமலே முந்தைய வரியைப் பார்த்து எழுதுவது.

தோட்டத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், நிலைமை எளிது, கவனிப்புத்தான் குறைவு. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது, ஓரமாக நின்ற ஜெனரேட்டர்கள் ஒரே நாளில் முதன்மை எஞ்சின்களாயின. அதுவரை பல இடங்களில் நடந்துவந்த பராமரிப்பு, வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சுமையின்றி ஓட்டிவிட்டு நிறுத்துவது. நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறு இது. சுமையின்றி ஓடும் எஞ்சின் போதிய சூடு பிடிக்காது. சைலன்சருக்குள் தார் போன்ற பசைதான் சேரும். மாதம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்குச் சுமையாவது கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுவது அதைவிட எவ்வளவோ மேல்.

ஜெனரேட்டர் புகையால், பதுளை அடங்கிய ஊவாவுக்குத் தனி இழப்பும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வரும் தேயிலையின் மணத்துக்காகவே உலகம் தனி விலை கொடுக்கிறது. தேயிலையோ அயல்வாடையைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும் பண்டம். ஒரு கேஸ்கட் ஊதினாலோ, நெளிகுழாயில் வெடிப்பு விழுந்தாலோ, அந்தப் புகையைக் கொழுந்து வாட்டும் மாடியின் விசிறிகள் உள்ளிழுத்துவிடும். அந்த இடத்தில் வேலை செய்பவர்களின் நுரையீரலும் அதே காற்றைத்தான் வாங்குகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது.

மெக்கானிக்கின் கண்ணை ஓய்வுக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு கைவெப்பமானியும் ஒரு கொப்பியும் வைக்கச் சொல்வதே கோரிக்கை. ஒரே சுமையில் ஒவ்வொரு சிலிண்டரின் குழாயையும் ஒரே இடத்தில் குறிபார்த்து, மாதம் ஒருமுறை எழுதினால் போதும். தோட்டத்துத் துரைமாரும் டீமேக்கர்மாரும் அடுத்த ஊவாப் பருவம் தொடங்கும் ஜூலைக்கு முன்பாவது, ஜெனரேட்டரின் புகைக்குழாயைத் தொடக்கத்திலிருந்து கூரை வரை ஒருமுறை ஆள்விட்டுப் பார்க்கட்டும்.