கடன் துறந்த சுதந்தரம்: ஓர் அமெரிக்க நாவலின் ஆராய்ச்சி

கட்டு நீங்குதல் வேறு, தன்வயப்படுதல் வேறு. தறியினின்றும் அவிழ்த்து விடப்பட்ட எருது, புலமும் நீர்த்துறையும் அறியாதாயின், அவிழ்ந்த இடத்தையே சுற்றிக்கொண்டு நிற்கும். அதனைக் கட்டுண்டது என்றலும் ஆகாது. தன் விருப்பின்வழி நடப்பது என்றலும் ஆகாது. இவ்வேறுபாட்டை ஒரு மனிதன் வாழ்வில் வைத்துக் காட்டிய நூல், ஸால் பெல்லோ என்பார் 1944 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டாங்கிளிங் மேன்' என்னும் அமெரிக்க நாவலாகும். 'தொங்கி நிற்கும் மனிதன்' என்பது அப்பெயரின் பொருள்.

பெல்லோ 1915 இல் கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்து லஷீன் என்னும் ஊரிற் பிறந்து, 1924 இற் குடும்பத்தாருடன் சிகாகோ நகரில் வந்து தங்கியவர். 1976 இல் இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசு பெற்றவர். 2005 இற் காலமானவர். இது அவர்தம் முதல் நாவல். அளவாற் சிறியது, நிகழ்ச்சிகளும் மிகச் சிலவே.

கதைத்தலைவன் ஜோசப் என்பான். வயது 27. பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, சிகாகோவில் ஒரு பிரயாண அலுவலகத்தில் வேலை பார்த்து வந்தான். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த அக்காலத்திற் படையிற் சேர அழைப்பு வரவே, வேலையை விட்டு நீங்கினான். அவனோ கனடாவிற் பிறந்தவன். அமெரிக்காவில் 18 ஆண்டுகள் வாழ்ந்திருந்தும் பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தான். ஆதலின் அயல்நாட்டான் என்ற காரணம்பற்றி விசாரணை வேண்டும் என்றனர். விசாரணை நீண்டது, ஏறத்தாழ ஏழு மாதங்கள் கழிந்தன. படையிலும் சேர்க்கப்பட்டிலன், விட்ட வேலையும் மீளக் கிடைத்திலது. மனைவி ஐவா வேலைக்குச் சென்று ஈட்டும் ஊதியத்தைக்கொண்டு, ஒரு வாடகை அறையில் நாள் கழிக்கின்றான். 1942 டிசம்பர் 15 முதல் 1943 ஏப்ரல் 9 வரை அவன் எழுதிய நாட்குறிப்பே நாவல் முழுதும் என்க.

இந்நூலை 'இருப்பியல்' என்று வழங்கும் கொள்கையோடு சேர்த்துப் பேசுதல் அறிஞர் வழக்கு. மனிதன் முன்னரே வரையறுக்கப்பட்ட பொருளல்லன், தன் தெரிவுகளாலேயே தன்னை ஆக்கிக்கொள்கின்றான், ஆதலின் சுதந்தரம் அவன்மேற் சுமத்தப்பட்ட பாரம் என்பது பிரெஞ்சு நாட்டு ழான் போல் ஸார்த்தர் கூற்று. மனிதன் பொருள் வேண்டிக் கேட்கின்றான், உலகமோ விடையின்றி நிற்கின்றது, இவ்விரண்டும் மோதுமிடத்துத் தோன்றுவதே அபத்தம் என்பது ஆல்பெர் காம்யூவின் கூற்று. அவர் தம்மை இருப்பியலார் என்றலை மறுத்தவராயினும், அவ்வரிசையிலேயே வைத்து எண்ணப்படுகின்றார். ஆனால் காலம் நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். காம்யூவின் 'அந்நியன்' பிரெஞ்சு மொழியில் 1942 இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1946 இலேயே வந்தது. பெல்லோவின் நூல் அதற்கு ஈராண்டு முற்பட்டது. ஆகவே ஆங்கிலத்திற் பின்னர்ப் பரவிய அக்கொள்கையின் எதிரொலி என்று இதனைத் தள்ளுதல் பொருந்தாது. ருஷிய ஆசிரியர் டாஸ்டாயெவ்ஸ்கி 1864 இல் வரைந்த, நிலவறையிலிருந்து பேசும் மனிதனே இவ்விருதிறத்தார்க்கும் பொதுவான முன்னோன் எனலாம்.

இனி, ஜோசப் பெற்ற சுதந்தரத்தின் இயல்பு ஆராயற்பாலது. அவனைத் தடுப்பார் ஒருவரும் இலர். போருக்குச் செல்லுமுன் கிடைத்த ஓய்விற் படித்து மகிழ்க என்பதே மனைவியின் விருப்பம். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளரைப் பற்றிக் கட்டுரைகள் எழுதவேண்டும் என்று அவன் முன்னமே எண்ணியிருந்தான். காலம் உண்டு, நூல்கள் உண்டு, இடையூறு இல்லை. இருந்தும் ஒரு நூலையும் படிக்க இயலவில்லை. ஒரு கட்டுரையும் முற்றவில்லை. நாற்காலியில் அமர்தலும், சன்னல் வழியே நோக்குதலும், உண்டற்கு வெளியே போதலுமே நாளின் தொழில்களாயின. அறையைத் துப்புரவு செய்ய வரும் பணிப்பெண் பிறர் முன்னிலையிற் புகை குடியாள்; இவன் முன்னிலையிற் குடிக்கின்றாள். தான் மதிக்கத்தக்க பொருளாக அவள் கண்ணிற் படவில்லை என்பதை அவன் உணர்கின்றான். ஏழு மாதச் சுதந்தரம் அவனைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது.

'இஃது அரசாங்கத்தார் செய்த காலத்தாழ்வின் குற்றமேயன்றி ஜோசப்பின் குற்றம் அன்றே' எனின், அது பாதி உண்மையே. இந்நாவலில் அபத்தம் விண்ணினின்றும் இறங்கவில்லை; அலுவலக மேசையினின்றும் வருகின்றது. ஒருவனை அழைத்து, அழைத்தமையால் அவன் தொழிலை இழக்கச் செய்து, பின் 'பொறு' என்று கூறிவிடுகின்றனர். அவனைத் துன்புறுத்த எண்ணியவர் அவருள் ஒருவருமிலர், விதிகள் தம் போக்கில் நடந்தன, அவ்வளவே. காம்யூ உலகத்தின் மௌனமாகக் கண்டதனைப் பெல்லோ விடை வாராத கடிதமாகக் கண்டார். ஆயினும் காலத்தாழ்வு அவனைத் தொங்கவிட்டதேயன்றிச் சினமுடையவனாக்கிற்றிலது. சினத்திற்குக் காரணம் வேறு.

அக்காரணத்தைத் தமிழில் ஒரு சொல்லாற் சுட்டலாம். 'கடன்' என்னுஞ் சொல் இருபொருட்டு. பிறர்பாற் பெற்றுத் திருப்பித் தரற்பாலதும் கடன். ஒருவன் செய்தற்குரிய முறைமையும் கடன். இருபொருளும் ஒரு சொல்லிற் கிடத்தல் ஆழ்ந்து நோக்கற்பாலது. தான் பெற்றதை அறிந்தவனே தான் செய்தற்குரியதையும் அறிவான். ஜோசப் முதற்கடனைக் கண்டு நாணுகின்றான். அந்நாணத்தாலேயே இரண்டாங்கடனையும் இழக்கின்றான்.

கிறிஸ்துமஸ் நாளில் அவன் தமையன் ஏமஸ் வீட்டிற்கு விருந்திற் சென்றமை இதற்குச் சான்று. ஏமஸ் செல்வன், தம்பியின் நிலைக்கு இரங்கிப் பணம் தந்து வற்புறுத்துகின்றான். ஜோசப் அதனை ஏற்க மனமின்றி அவ்வீட்டிலேயே விட்டுவிட்டு, மாடியறையில் தனித்திருந்து ஹைடன் என்னும் இசைப்புலவரின் இசைத்தட்டைக் கேட்கின்றான். துன்பத்தையும் இழிவையும் தாங்குங் கலையில் தான் இன்னும் தொடக்க மாணாக்கனே என்னும் உணர்வு அவ்விசையால் அவனுக்கு உண்டாகின்றது. அப்பொழுது தமையன் மகள் எட்டா வந்து, வேறு தட்டை வைக்க வேண்டும் என்று பிணங்கி, அவன் வறுமையைச் சுட்டிப் பழிக்கின்றாள். இழிவைத் தாங்குதல் வேண்டும் என்று கற்ற அவன், கற்ற இசை ஓயுமுன் அப்பெண்ணைப் பிடித்து அடித்துவிடுகின்றான். அவளோ முகச்சாயலில் அவனையே ஒத்தவள். நூலின் உயிர்நிலை இவ்விடத்தே உளது. அறிவு உண்டாயிற்று, அறிவின்வழி நிற்கும் ஆற்றல் உண்டாயிற்றிலது. இசை அவனுக்குக் கற்பித்தது பெருமை, சிறுமி வந்து பரீட்சித்தாள், அவன் தவறினான்.

வங்கியில் நிகழ்ந்ததும் இத்தகையதே. ஐவாவின் ஊதியத்திற்குரிய காசோலையை மாற்றச் சென்றவனை, அங்குள்ள அதிகாரி எங்கே வேலை பார்க்கின்றாய் என்று வினவ, ஜோசப் கூச்சலிட்டுச் சண்டையிடுகின்றான். வினா அவனைச் சுட்டமைக்குக் காரணம், அதற்கு விடை அவன் கையிலிருந்த காசோலையே என்பதுதான். சுதந்தரமாக இருப்பவன் அவன். அச்சுதந்தரத்திற்கு விலை கொடுப்பவள் அவள். ஸார்த்தர் கூறும் தெரிவு என்பது ஒருவன் தனித்திருந்து செய்வதாகத் தோன்றும். அத்தனிமைக்கும் அறைவாடகை உண்டு, அதனை யாரோ ஒருவர் செலுத்துகின்றனர் என்பதை இந்நாவல் மறைக்காது காட்டுகின்றது. தத்துவ நூல்கள் எளிதிற் காட்டாத உண்மை இது.

நாட்குறிப்பின் இடையே ஓர் ஆவியோடு ஜோசப் உரையாடுகின்றான். எதனைக் கூறினும் மறுபக்கமும் உண்டு என்று கூறுவது அதன் இயல்பு. 'நீ சொல்வதும் சரியே' என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடர் அதன் பெயர்களுள் ஒன்று. ஒருமுறை அவன் சினந்து ஆரஞ்சுத் தோலை வீசி அதனைத் துரத்துகின்றான். நகைச்சுவையுடைய இப்பகுதி வெறும் விளையாட்டன்று. தடையும் விடையும் நிகழ்த்தும் வாதம் ஒரு முடிபினைச் சென்று சாரவேண்டும். இருபக்கமும் சரியே என்று ஓயாது கூறும் எதிரி, வாதியை வெல்வதுமில்லை, வாதிக்குத் தோற்பதுமில்லை, அவனை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகின்றான். ஜோசப்பின் பெருந்துன்பம் இதுவே.

முடிவில், பக்கத்து அறையிற் குடித்து ஆரவாரிக்கும் வானக்கர் என்னும் முதியவரோடு மூண்ட சண்டைக்குப் பின், ஜோசப் தன்னை விரைவிற் படையிற் சேர்த்துக்கொள்ளுமாறு தானே எழுதிக் கொடுக்கின்றான். இறுதிக் குறிப்பில், தனக்குத் தானே பொறுப்பாதல் ஒழிந்தது என்றும், நேரமும் ஒழுங்கும் பிறரால் வகுக்கப்படும் என்றும் மகிழ்ந்து ஆரவாரிக்கின்றான்.

இம்முடிபு பற்றி அறிஞர் இருவகையாகக் கருதுவர். அவ்வாரவாரம் கேலியே என்பர் ஒருசாரார். அது தோல்வியின் ஒப்புதலே என்பர் மற்றொரு சாரார். கேலி எனின், முன்னுள்ள துன்பக் குறிப்புகளெல்லாம் வீணாம். அத்துணை நொந்தவன் இறுதிநாளிற் கேலி செய்தற்கு வேண்டிய ஓய்வு உடையனல்லன். தோல்வி மட்டுமே எனின், அதனை மறையாது எழுதிவைத்த நேர்மைக்கு இடமின்றாம். உண்மை இவ்விரண்டற்கும் அப்பாற்பட்டது. தானே எழுதிக் கொடுத்த அவ்விண்ணப்பம், அவ்வேழு மாதத்தில் அவன் முற்ற நிறைவேற்றிய தெரிவு. அத்தெரிவாலோ இனித் தெரிந்துகொள்ளும் உரிமையையே பிறர் கையிற் கொடுத்தான். கட்டின்மையைத் தாங்கமாட்டாதவன் கட்டினைத் தானே நாடினான். அவன் நாடவேண்டியிருந்தது கட்டும் அன்று, கட்டின்மையும் அன்று, கடன். தமையனிடம் நன்றியோடு பணம் பெறுதலும், மனைவியின் உழைப்பைத் தன் வாயாற் போற்றுதலும், வானக்கரின் முதுமைக்கு இரங்குதலும் அவ்வறையிலிருந்தே செய்தற்குரியனவாயிருந்தன. அவற்றிற்குப் படை அழைப்பும் வேண்டா. விசாரணை முடிதலும் வேண்டா.

நூலின்கண் ஒரு குறையும் உண்டு. ஐவா எப்போதும் ஜோசப்பின் எழுத்தினூடாகவே தோன்றுகின்றாள். பெரும்பாலும் சலிப்புற்றவளாகவே காட்டப்படுகின்றாள். நாட்குறிப்பு ஒருவனுடையதாதலின் அஃது இயல்பே என விடை கூறலாம். எனினும் ஆசிரியர் தலைவனின் குருட்டிடத்தைக் காட்டுகின்றாரா, தாமும் அக்குருட்டிடத்திலேயே நிற்கின்றாரா என்பது சிலவிடத்து ஐயத்திற்குரியதாகவே உள்ளது. நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பிய அப்பெண்ணின் நாட்குறிப்பு ஒன்று கிடைத்திருப்பின், அது மிகச் சுருங்கியதாய் இருந்திருக்கும். எழுத அவளுக்கு ஓய்வு இல்லை.

இக்குறை நூலின் மதிப்பைக் கெடுப்பதன்று. சுதந்தரம் என்னுஞ் சொல்லை முழக்குவார் பலர். அது கைக்கு வந்த மறுநாட் காலையில் என் செய்வது என்று வினவுவார் சிலர். அவ்வினாவை எழுப்பி, விடை காணாது போன ஒருவன் கதையைப் பொய்யின்றிச் சொன்னமையால் இந்நாவல் கற்கத்தக்கது. விடையைக் கற்போர் தம் வீட்டில், தம்மை ஊட்டும் கையை நோக்கித் தேடிக்கொள்வாராக.